விகுதிப் பிழை

நாகமலை புதுக்கோட்டையில் விடைத்தாள் திருத்தும் முகாம்.
எட்டு மேசைக்கு ஒரு மின்விசிறி.
தாளுக்குப் பதினைந்து ரூபாய்,
அதுவும் தீபாவளிக்கு அப்புறம்தான் வருமாம்.
எந்தத் தீபாவளி என்று யாரும் கேட்கவில்லை.

பதினேழாம் கேள்வி:
சௌ வம்சத்தின் வீழ்ச்சிக்கான காரணங்களை விவரி.
பத்து மதிப்பெண்.

விடைக்குறிப்பின்படி
சிற்றரசர் பெருக்கத்துக்கு இரண்டு,
வடமேற்கு நாடோடிகளுக்கு இரண்டு,
வாரிசுச் சண்டைக்கு இரண்டு,
இரும்புக்கு ஒன்று,
மிச்சம் மூன்று முன்னுரைக்கும் முடிவுரைக்கும்.
எண்ணூறு வருடம் இருந்தவர்கள்
ஒன்றரைப் பக்கத்தில் விழுந்துவிட வேண்டும்.

முப்பத்தொன்பது தாளில் ஒழுங்காக விழுந்தார்கள்.
ஒரு பையன் மட்டும் நடுவில்
பாண்டியரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான்.
அவர்களும் விழுந்தவர்கள்தானே என்று
அரை மதிப்பெண் போட்டேன்.

நாற்பதாவது தாள்.
இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. முதல் வரியே
"நான் வட்டிக்குக் கடன் வாங்கினார்."

சிவப்புப் பேனா தானாக இறங்கியது.
நான் என்றால் வாங்கினேன்.
தன்மை ஒருமை.
கல்லூரி வரைக்கும் வந்து இது தெரியாதா?
வட்டம் போட்டேன்.

"நான் ஐம்பத்தொன்பது வருடம் அரியணையில் இருந்தார்.
ஒரு நாளும் யாரும் கேட்கவில்லை அவர் பேச்சை."
அதற்கும் ஒரு வட்டம்.

மூன்றாவது வட்டம் முடியும்போதுதான் உறைத்தது.
நான் என்பது பெயர்.
சௌ வம்சத்தின் கடைசி அரசன்.

சின் நாட்டை அடிக்கப் போகிறோம்,
ஆறு தேசத்துப் படையும் வருகிறது என்று சொல்லி
ஊர்ப் பணக்காரர்களிடம் பத்திரம் எழுதிக் கொடுத்தார் நான்.
கொள்ளையில் அசலும் வட்டியும் தருவதாகப் பேச்சு.
ஐயாயிரம் பேர் ஈட்டியோடு போய்
கணவாயில் மூன்று மாதம் காத்திருந்து
வருகிறோம் என்றவர்கள் வராமல்
கொண்டுபோனதைத் தின்று தீர்த்துத் திரும்பினார்கள்.
விடிந்தால் அரண்மனை வாசலில் பத்திரங்கள்.

"மீட்டர் வட்டிக்காரன் வாசலில் நின்றால்
வீட்டுக்குள் எங்கே நிற்பது என்று தெரியாது"
என்று ஒரு வரி எழுதி, அடித்து,
அடித்ததற்குள் படிக்கும்படி விட்டிருந்தது அந்தக் கை.
ஆணா பெண்ணா, பதிவெண்ணில் தெரியாது.

"ஆகவே நான் உயரமான மாடத்தில் ஏறி ஒளிந்தார்.
கடனுக்கு ஒளிந்த மாடம் என்று ஊரே பெயர் வைத்தது.
அதற்கப்புறம்தான் சின் படை வந்தது.
முப்பத்தாறு ஊர், முப்பதாயிரம் ஜனம்,
எழுதிக் கொடுத்து முடித்தார்கள்.
ஒன்பது வெண்கல அண்டாவையும் தூக்கிப் போனார்கள்.
ஒன்று ஆற்றில் விழுந்துவிட்டதாம்."
முடிவுரை இல்லை.

விடைக்குறிப்பில் கடன் கிடையாது. மாடம் கிடையாது.
முதன்மைத் தேர்வாளர் கனகசபாபதி
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்துவிட்டு
"கதை எழுதியிருக்கு. மூணு போடுங்க" என்றார்.
நான் எட்டுப் போட்டேன்.
(இங்கே நான் என்பது நான்தான்.)
அவர் அடித்து ஐந்தாக்கினார்.

இனி ஆனையூர்.
ஷேர் ஆட்டோவில் பாதித் தொடை வெளியே.
கௌரவ விரிவுரையாளர் சம்பளம் வந்து
ஐந்து மாதம் ஆகிறது.
எங்கள் வீட்டு அண்டா ஆற்றில் விழவில்லை,
கீழமாசி வீதியில் எடைக்குப் போனது.
கைப்பைக்குள் போன் துடிக்கிறது:
பைனான்ஸ் ராஜாங்கம்.
பெயரைப் பார்த்துச் சிரிப்பு வந்தது,
பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஏழரை மணி. மொட்டை மாடி.
கீழே புல்லட் சத்தம் வந்து நிற்கிறது.
என் கணவர் குரல், வழக்கத்தைவிட மரியாதையாக:
"அவ இல்லீங்களே, பேப்பர் திருத்தப் போயிருக்கா."

வைகைப் பக்கமிருந்து காற்றே இல்லை.
துவைத்த சேலை அசையாமல் தொங்குகிறது.
அந்த மூன்று வட்டங்களையும்
அழிக்காமல் வந்துவிட்டது இப்போதுதான் நினைவு வருகிறது.
வாங்கினார். இருந்தார். ஒளிந்தார்.
பிழையே இல்லை.

புல்லட் இன்னும் அணையவில்லை.
சின்டெக்ஸ் தொட்டிக்குப் பின்னால்
முழங்காலைக் கட்டிக்கொண்டு
நான் உட்கார்ந்திருக்கிறார்.